பெயரைக் கலைத்துச் சொன்னவள்

கதிர்வீச்சு முடிந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த ஸ்கேன் வரைக்கும் எந்த டாக்டரும் என்னைத் தேடப்போவதில்லை. கழுத்தின் அடியில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு கிடையாது. பேசிப் பேசியே பிழைத்தவளுக்கு இப்படி ஆச்சே என்று பேட்டையில் நாலு பேர் உச்சுக் கொட்டியிருப்பார்கள். கொட்டட்டும். எனக்குப் பின்னால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து உட்காரப் போகிறவர்களுக்கும், அவர்களோடு துணைக்கு வருகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். துணைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

நான் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள். ஒரு சேலையைப் பிரித்துப் போட்டு நான் பேச ஆரம்பித்தால், சும்மா பார்க்க வந்தவளும் பையோடுதான் படியிறங்குவாள். மதியம் கூட்டம் குறைந்ததும் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்து நான் சொல்லுவேன். கூட நிற்கிற பெண்கள் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அது மட்டும் போதாது, பொருளும் சொல்ல வேண்டும். ஒருநாள் “ணை, க, ரு” என்றேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளை சட்டென்று “கருணை” என்றாள். பொருள் என்னட்டி என்று கேட்டால், “கிழங்கு” என்றாள். அன்றைக்கு முழுக்க அவளை நாங்கள் விடவில்லை.

இந்த விளையாட்டு எனக்கு வந்தது என் புருஷன் பேரால். கட்டிய புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என் அம்மா என்னைக் கட்டிக்கொடுத்தாள். எழுதலாம், குற்றமில்லை. சொல்லத்தான் கூடாது. ரேஷன் கடையிலும் பேங்கிலும் “கணவர் பேரு?” என்று கேட்பார்கள். மற்றப் பெண்கள் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்லுவார்கள், இல்லாவிட்டால் அந்தப் பேருள்ள சாமியின் படத்தைக் காட்டுவார்கள். நான் எழுத்தைக் கலைத்துச் சொல்லுவேன். “மு, ம், ஆ, க, று. நீங்களே சேத்துக்கிடுங்க.” முதலில் பயத்தில் செய்தேன், பிறகு வீம்பில் செய்தேன். கடைசியில் எது பயம் எது வீம்பு என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது.

அவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிறவர். குனிந்த தலை நிமிராத வேலை, அதனால் பேச்சும் குறைவு. எப்போதாவது சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்பார். “எம் பேர ஊருல எல்லாவனும் கூப்பிடுதான். நீ ஒரு தடவ சொன்னா நான் செத்தா போயிருவேன்?”

“இருக்கட்டும். ஆயுசு கெட்டியா இருந்தா நல்லதுதான,” என்பேன்.

குரல் கம்மத் தொடங்கியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான். கடையில் கத்துகிற கத்தல் என்று நினைத்தோம். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் போட்டுப் பார்த்தேன். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தமாகக் குரல் மாறிப்போன பிறகுதான், கடை முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டு, “கோமதி, நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டர்ட்ட போறிய. இல்லன்னா கடைக்கு வராதீய,” என்றார்.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. பதிவு செய்கிற இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பிள்ளை, “கணவர் பேரும்மா?” என்றாள். அவர் ஸ்கூட்டரை நிறுத்தப் போயிருந்தார். நான் வழக்கம்போல எழுத்துகளைச் சொன்னேன். அவள் பேய் முழி முழித்தாள்.

“உயிரெழுத்து வந்தா அது முதல்லதான் நிக்கும் தாயி. ம் கடைசிக்குப் போயிரும். நடுவுல மூணுதான் மிச்சம், மாத்திப் போட்டுப் பாரு,” என்றேன், அந்தக் கம்மின குரலில்.

என் பின்னால் வரிசையில் நின்ற காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் பொறுமை போய், “ஆறுமுகம்னு போடும்மா. புள்ளைய எத்தன மணிக்கு ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போவ நான்?” என்றார். அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டார்கள். அதன் நுனியில் காமிரா. குமட்டல் வந்து கண்ணில் நீர் கொட்டியது. டாக்டரம்மா திரையைக் காட்டி விளக்கினார். குரல்வளை என்பது மூச்சுக்குழாயின் மேல்வாசல். அங்கே இரண்டு மெல்லிய மடிப்புகள் எதிரெதிரே இருக்கின்றன. மூச்சு பட்டு அவை அதிர்ந்தால்தான் சத்தம் பிறக்கும். என்னுடைய ஒரு மடிப்பு அசையவே இல்லை. அதன்மேல் வெள்ளையாக, பூசணம் பிடித்ததுமாதிரி ஏதோ இருந்தது. அதில் ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பெயர் பயாப்சி.

முடிவு வந்த நாளில் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு என் புருஷன் மட்டும் உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்து வந்து, நேராக என்னைக் கூட்டிப்போய் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். “சின்னக் கட்டிதான். எடுத்துட்டா சரியாயிரும்,” என்றார். வியாதியின் பேரைச் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டியிருக்கவில்லை. எங்களை உட்காரவைத்த வராந்தாவில் பாதிப் பேருக்கு மொட்டைத்தலை. புற்றுநோய்தான் என்று தெரிந்தது. அழுதேன். அவர் என் கையிலிருந்த தம்ளரை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அதற்கும் அப்பால் இன்னொன்றை அவர் மறைக்கிறார் என்பது போகப்போகத்தான் உறைத்தது. அது ஒரேயடியாகத் தெரியவில்லை. கலைந்த எழுத்தாக, ஆளுக்கொன்றாக வந்து விழுந்தது.

முதலாவது அவரிடமிருந்தே வந்தது. கல்யாணமான நாளிலிருந்து “கொஞ்ச நேரம் வாய மூடுதியாட்டி” என்று சொன்ன மனுஷன், பட்டறையிலிருந்து வந்ததும் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரத் தொடங்கினார். நான் பேச்சை நிறுத்தினால், “பொறவு? அந்த அம்பாசமுத்திரத்துக்காரி சேலைய எடுத்தாளா இல்லியா?” என்று எடுத்துக் கொடுத்தார். என் கடைக் கதையை அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது என் மகள் செல்வி. அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. போனில் சும்மா பேசிக்கொண்டிருந்தவள், “எம்மா, பிறக்கப்போற பிள்ளைக்கு ஒரு தாலாட்டு பாடி அனுப்பேன், போன்ல வச்சிக்கிடுதேன்,” என்றாள். கம்மின குரலில் என்னத்தட்டி பாட, ஆபரேஷன் முடியட்டும், நல்லாப் பாடுதேன் என்றேன். அந்தப் பக்கம் போன் வெட்டுப்பட்டது. டவர் இல்லை என்று பிறகு சொன்னாள்.

குலசேகரன்பட்டினம் அம்மன் கோயில் தசராவுக்கு அவர் மாலை போட்டார். வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை எடுக்கிறவர்களைக் கிண்டல் பண்ணுகிறவர் அவர். “எதுக்கு நேந்துகிட்டிய?” என்று கேட்டதற்கு, “சும்மாதான்,” என்றார். அம்மனிடம் போய் யாராவது சும்மா நேர்ந்துகொள்வார்களா?

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று நர்ஸ் பிள்ளை உயரம், எடை எல்லாம் குறித்துவிட்டு, “எழுதப் படிக்க நல்லாத் தெரியுமாம்மா?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். “அப்பம் பரவால்ல,” என்றாள். கட்டியை எடுப்பதற்கு எழுத்து எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். அன்று மதியமே வராந்தாவில் ஒரு மனிதரைப் பார்த்தேன். கழுத்தில் குழந்தைகளுக்குக் கட்டுகிறமாதிரி ஒரு வெள்ளைத் துணி. டார்ச் லைட்டுபோல ஒன்றைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தி மனைவியிடம் ஏதோ சொன்னார். அது மனுஷக் குரலாக இல்லை. நான் நின்று பார்க்கப் போனேன். இவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, “அங்கன என்ன பார்வை? ரூம் இந்தப் பக்கம்,” என்றார்.

கட்டிலில் வந்து படுத்ததும் எல்லாம் சேர்ந்துகொண்டது. கட்டியை மட்டும் எடுக்கப்போவதில்லை. குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள்.

சொல் கிடைத்துவிட்டது, பொருள் வேண்டுமே. மறுநாள் காலையில் டாக்டரம்மா தனியாக வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “நாளைக்கு ஆபரேஷன். நானே சொல்றேன்னுதான் சொன்னேன். உங்க வீட்டுக்காரர் நான் பைய சொல்லிக்கிடுதேன்னு கெஞ்சினார். எல்லாத்தையும் சொன்னாரா?” என்று கேட்டார்.

சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் புருஷன் இந்த அம்மாவிடம் திட்டு வாங்குவார் என்று தோன்றியது. “சொன்னாவ,” என்றேன். “இருந்தாலும் நீங்க ஒருக்கா சொல்லுங்க.”

டாக்டரம்மா ஒன்றையும் ஒளிக்கவில்லை. நோய் மடிப்பைத் தாண்டி குருத்தெலும்புவரை போய்விட்டது, குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் உயிருக்கு வழி என்றார். மூச்சுக்குழாயை வளைத்துக் கழுத்தில் ஒரு வாசலாக வைத்துத் தைத்துவிடுவார்கள். ஆயுசுக்கும் அதன் வழியாகத்தான் மூச்சு. கருவி வைத்துப் பேசப் பழகலாம், ஆனால் இந்தக் குரல் திரும்ப வராது. எனக்குச் சம்மதமா என்று கேட்டார். செல்வியின் வயிற்றை நினைத்துக்கொண்டேன். “எடுத்துருங்க,” என்றேன். கையெழுத்தும் நானே போட்டேன்.

டாக்டரம்மா போன பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். என் புருஷன் இதைத் தன் வாயால் என்னிடம் சொல்லட்டும். சொன்ன அந்த நிமிஷமே நான் அவர் பேரைச் சத்தமாக ஒரு தடவை சொல்லிவிடுவேன். ஆறுமுகம். அவர் ஆசைப்பட்டுக் கேட்டது, நான் கொடுக்காமல் வைத்திருந்தது. போகிற குரலில் அது ஒன்றாவது அவர் காதுக்குப் போய்ச் சேரட்டும். ஆயுசு குறைவதைப் பற்றி யோசித்தேன். முருகன் பேரல்லவா, முருகன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டேன். நானாகவே முந்திக்கொண்டு சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவர் மறைத்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. என் தொண்டை, என் குரல், அதை என்னிடம் சொல்ல என்ன வந்தது? முதலில் அவர் வாயைத் திறக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவர் இட்லி வாங்கி வந்தார். நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீரும் குடிக்கக் கூடாது என்பதால் சீக்கிரமே ஊட்டிவிட உட்கார்ந்தார். நான் அடி எடுத்துக் கொடுத்தேன்.

“நாளைக்கு முழிச்சதும் எனக்கு எப்பிடி இருக்கும்?”

“ரெண்டு நாளு தொண்ட வலிக்கும். பொறவு சரியாயிரும்.”

“பேசலாமா?”

சட்னியை இட்லியில் தொட்டுக்கொண்டே இருந்தார். இட்லி முழுக்கச் சட்னியாகிவிட்டது. “பைய பேசலாம். என்ன அவசரம்?” என்றார்.

“ஏங்க. எங்கிட்ட எதும் சொல்லணுமா?”

என் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்தது. இந்தா, வந்துவிட்டது என்று நானும் தயாராக உட்கார்ந்தேன். “காப்பீட்டு அட்டைய பத்திரமா வச்சிருக்கியா?” என்று கேட்டார். தலையணைக்கு அடியில் இருக்கிறது என்றேன்.

காலையில் பச்சைத் துணி உடுத்தி, தாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். லிப்ட் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். லிப்டுக்குக் காத்திருந்த நேரம் அதிகம். அப்போதும் சொல்லவில்லை. என் காலைத் துணியால் மூடினார், மூடியதையே மறுபடி மூடினார். கதவு திறந்தது. “சட்டப் பித்தான மாத்திப் போட்டிருக்கிய,” என்றேன். அவரிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் குளிர். மேலே பெரிய விளக்கு. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் சின்னப் பிள்ளைதான், முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. கையில் ஊசி ஏற்றி ஏதோ மருந்தைச் செலுத்திவிட்டு, ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள்.

“பேரு சொல்லுங்கம்மா.”

“கோமதி.”

“என்ன ஆபரேஷன்?”

“குரல்வளைய எடுக்கப் போறிய.”

“கணவர் பேரு?”

எழுத்துகளைக் கலைக்கத்தான் வாயைத் திறந்தேன். “மு” என்று ஆரம்பித்தேன். அடுத்த எழுத்து எது என்று தெரியவில்லை, தலைக்குள் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. விளக்கு இரண்டாகத் தெரிந்தது. இனி இந்த வாய்க்கு வேறு நேரம் கிடையாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. “ஆறுமுகம்,” என்று சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அதன் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை.

விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒரு குழாய், கழுத்தின் பக்கவாட்டில் ரத்தம் வடிகிற குழாய். கழுத்துத் துளையில் சளி அடைக்கும். மூச்சு முட்டும். நர்ஸ் பிள்ளை மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுப்பாள். அதை அவர்கள் சக்‌ஷன் என்கிறார்கள். உயிர் அந்தக் குழாயோடு போய்விட்டு வருகிற மாதிரி இருக்கும். கத்துவேன். சத்தம் வராது. அழுதாலும் சத்தம் வராது, கண்ணீர் மட்டும் காதுக்குள் போகும். பயம் என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

கடைப் பெண்கள் பார்க்க வந்தார்கள். கழுத்துத் துளையை மூடிக்கொள்ள மெல்லிய பருத்தித் துணியை வெட்டி, ஓரம் அடித்து, சேலைக்குப் பொருத்தமாக ஒவ்வொரு நிறத்தில் கொண்டுவந்திருந்தார்கள். கருணைக்கிழங்குப் பிள்ளை வாசலிலேயே நின்று அழுதது. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்ற என் புருஷன் கற்றுக்கொண்டார். காயில் கட்டுகிற கையல்லவா, ஒரு சொட்டு சிந்தாது.

நடந்ததைப் பற்றிப் பேச மட்டும் அவர் வரவில்லை. என்னைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகுதான், தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். “உள்ள போய்ப் பாத்தாவளாம். கட்டி நினைச்சதவிட பெருசா இருந்துச்சாம். வேற வழி இல்லாமதான் குரல…” என்று இழுத்தார். அப்போதும் பொய்.

பக்கத்தில் நர்ஸ் வைத்திருந்த எழுதுபலகையை எடுத்து, “முந்தின நாளே தெரியும்,” என்று எழுதிக் காட்டினேன்.

படித்தார். மறுபடியும் படித்தார். “டாக்டரம்மா சொன்னாவளா?”

“அதுக்கு முன்னாலயே. நீங்க எல்லாரும் சேந்து சொன்னிய.”

“அப்பம் இட்லி திங்கும்போது தெரியுமா?”

தலையாட்டினேன்.

கட்டில் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். “தெரிஞ்சா நீ மாட்டேன்னுருவன்னு பயந்தேன்ட்டி. உசுரு போதும்னு இருந்தேன். தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட ஒண்ணும் பேசாம போன? ஒரு வார்த்த பேசியிருக்கலாம்லா?”

நான் எழுதினேன். “நீங்க சொன்னா உங்க பேரச் சொல்லணும்னு இருந்தேன்.”

அதைப் படித்துவிட்டு அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. எழுதியிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. அவரைத் தேற்றுகிறேன் என்று அடுத்ததை எழுதினேன். “சொல்லிட்டேன். தியேட்டர்ல. மயக்க டாக்டர் கேட்டாவ.”

“எம் பேரையா? முழுசாவா?”

ஆமாம் என்றேன்.

எழுந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். எங்கே என்று கையால் கேட்டேன். அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். வெகு நேரம் கழித்து வந்தார். தியேட்டர் வாசலில் நின்று, வெளியே வந்த ஒவ்வொரு டாக்டரையும் மறித்து, அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடித்திருக்கிறார். என் பொஞ்சாதி எம் பேர எப்பிடிச் சொன்னா என்று கேட்டிருக்கிறார்.

“அவுகளுக்கு ஞாபகம் இல்லயாம்,” என்றார். “ஒரு நாளைக்கு எத்தனையோ பேருட்ட கேக்காவளாம். ஞாபகம் இல்லண்ணாச்சின்னு சொல்லிட்டாவ.”

நாற்காலியில் உட்கார்ந்தார். என் கழுத்துத் துணி விலகியிருந்தது, அதைச் சரியாக இழுத்துவிட்டார். பிறகு, “நல்லா சத்தமா சொன்னியா?” என்று கேட்டார்.

சத்தம் எங்கே வந்தது. பாதிக் காற்று, பாதிக் கம்மல், மருந்து ஏறின நாக்கு. அந்தப் பிள்ளை என் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்துதான் கேட்டாள்.

சத்தமாகத்தான் சொன்னேன் என்று தலையாட்டினேன்.